பாத்ரூம் டைல்ஸ் ஆசாமி

பாடியில் பஸ் ஏறி, சி.டி.எச். ரோட்டில் ஆவடி வரை ஜன்னல் சீட்டில் உட்கார்ந்து போகிற பாக்கியம் கிடைத்தால் (கிடைக்காது, சும்மா ஒரு பேச்சுக்கு) சுவர்களைப் பார்த்துக்கொண்டே போகலாம். பொழுது போவதே தெரியாது. கம்பெனி காம்பவுண்டுச் சுவர், ஸ்கூல் சுவர், ரயில்வே சுவர், பாதி கட்டி நிறுத்திய கல்யாண மண்டபத்தின் சுவர். எல்லாவற்றுக்கும் உள்பக்கத்தில் ஒரு ஓனர் இருக்கிறார். வெளிப்பக்கத்துக்கு யார் ஓனர் என்பதுதான் சிக்கல். தேர்தல் வருவதற்கு முன்பே யாரோ வந்து வெள்ளையடித்து, மூலையில் கட்சிப் பெயரையும் வருஷத்தையும் எழுதி இடம் பிடித்துவிடுகிறார்கள். பஸ்ஸில் கர்ச்சீப் போட்டு சீட் பிடிப்பதைப் போலத்தான். அதற்கும் மேலே கண்ணீர் அஞ்சலி, காதுகுத்து, மூலம் பவுத்திரம், டியூஷன் சென்டர் என்று போஸ்டர்கள். பொது இடங்களை இப்படி அலங்கோலப்படுத்தக் கூடாது என்று தமிழ்நாட்டில் 1959-லேயே சட்டம் வந்துவிட்டது. 'நோட்டீஸ் ஒட்டாதீர்' என்ற எழுத்தின் மேலேயே நோட்டீஸ் ஒட்டுகிற ஊரில் அந்தச் சட்டத்தை யார் மதிக்கப் போகிறார்கள்?

இதே சுவர்களில் இன்னொரு சமாச்சாரமும் இருக்கிறது. இடுப்பு உயரத்தில் சாமி படம் போட்ட டைல்ஸ். ஒரு பிள்ளையார், பக்கத்தில் வேளாங்கண்ணி மாதா, அதற்கடுத்து ஒரு மசூதி. ஆஹா, மத நல்லிணக்கம் என்று கண்கலங்க வேண்டாம். சுவரோரம் ஒதுங்குகிற ஆண்களை விரட்டுவதற்காக ஒட்டியது அது. ஒட்டியவர் பெயர் அதில் இருக்காது. யார் ஒட்டினார்கள் என்று கேட்டால் பக்கத்து டீக்கடைக்காரருக்கும் தெரியாது. ஆனால் வருஷக்கணக்காக அது அங்கேயே இருக்கும். போஸ்டரைக் கிழிக்கிறவர்கள்கூட அதில் கை வைப்பதில்லை.

சுவர், டைல்ஸ், ஒட்டியவர் யாரென்று தெரியாதது. இந்த மூன்றை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு மனிதர் உலகம் முழுக்கப் பெயர் வாங்கியிருக்கிறார். பெயர் என்றால் சொந்தப் பெயர் இல்லை. தனக்கு அவரே வைத்துக்கொண்ட பெயர் இன்வேடர். படையெடுத்து வருகிறவன் என்று அர்த்தம். பாரிஸ்காரர், 1969-ல் பிறந்தவர், அந்த ஊரின் புகழ்பெற்ற நுண்கலைக் கல்லூரியில் படித்தவர். வெளியே வரும்போது முகமூடி. படம் எடுத்தால் முகத்தைக் கட்டம் கட்டமாகக் கலைத்துத்தான் வெளியிடுவார்கள். சொந்தப் பெயரைப் பத்திரிகைகள் தோண்டி எடுத்துப் போட்டாலும் அவர் அதைக் கண்டுகொள்வதில்லை. மறைந்திருக்க வேண்டும் என்று ஒரு மனுஷன் நினைத்தால் விட்டுவிடுவதுதான் மரியாதை. இங்கேயும் விட்டுவிடுவோம்.

அவர் ஒட்டுவது சாமி படம் இல்லை. பழைய வீடியோ கேமில் வரும் ஏலியன்.

தொண்ணூறுகளில் ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி பக்கம் வளர்ந்தவர்களுக்கு இந்த இடத்தில் ஒரு மஞ்சள் கேசட் ஞாபகம் வந்திருக்க வேண்டும். டிவிக்குப் பின்னால் ஒயரைச் சொருகி விளையாடுகிற கேம். வீட்டில் இல்லாதவர்கள் தெருமுனைக் கடையில் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்து விளையாடுவார்கள். கேசட்டின் மேல் ஆயிரக்கணக்கில் கேம் இருப்பதாக எழுதியிருக்கும். உள்ளே போய்ப் பார்த்தால் ஏழெட்டு கேம்தான், அதையே பெயர் மாற்றி மாற்றிப் போட்டிருப்பான். மரியோ இருக்கும். துப்பாக்கியோடு ரெண்டு பேர் ஓடுகிற கான்ட்ரா இருக்கும். அந்தக் கூட்டத்தில் ஒரு ஓரமாக கேலக்ஸியன் என்று ஒன்று இருக்கும். மேலே வரிசை வரிசையாகப் பூச்சிகள், கீழே ஒரு சின்ன ராக்கெட், சுட்டுக்கொண்டே இருக்க வேண்டும். 1979-ல் ஜப்பானில் வந்த அந்த கேமுக்கு ஒரு அண்ணன் உண்டு. 1978-ல் வந்த ஸ்பேஸ் இன்வேடர்ஸ். நம்ம பாரிஸ்காரர் ஓட்டி வருகிற பட்டாளம் அந்த அண்ணன் வீட்டுப் பட்டாளம்தான்.

ஸ்பேஸ் இன்வேடர்ஸைச் செய்தவர் தொமொஹிரோ நிஷிகாதோ, டைட்டோ கம்பெனியின் இன்ஜினியர். அவர் முதலில் ஏலியனை நினைக்கவே இல்லை. டாங்கியைப் போட்டுப் பார்த்தார். ஆவடிக்காரர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது, டாங்கி திரையில் ஒழுங்காக நகரவில்லை. விமானம், கப்பல் எல்லாம் முயன்றார், அதுவும் சரிவரவில்லை. மனுஷ உருவம் நன்றாக நகர்ந்தது. ஆனால் மனுஷனைச் சுட்டு விளையாடுவது தப்பு என்று அதைக் கைவிட்டார்கள். (இன்றைய கேம்களைப் பார்த்தால் அந்த மனிதர்கள் என்ன சொல்வார்களோ!) கடைசியில் வந்து நின்றவைதான் ஆக்டோபஸ், நண்டு, கணவாய் மீன் ஜாடையில் இருக்கும் அந்த ஏலியன்கள். வரிசைக்கு 11 வீதம் 5 வரிசை, மொத்தம் 55.

அந்த ஏலியன் ஒவ்வொன்றும் எட்டு கட்டம் உயரம், அதிகபட்சம் பன்னிரண்டு கட்டம் அகலம். அவ்வளவுதான் இடம். அன்றைய சிப்பின் கொள்ளளவு அப்படி. அதிலேயே கண், கால், கொம்பு எல்லாம் காட்ட வேண்டும். இன்னொரு வேடிக்கையும் உண்டு. அந்த கேமில் ஏலியன்களைச் சுடச் சுட மிச்சம் இருப்பவை வேகமாக ஓடும். அது முதலில் திட்டம் போட்டுச் செய்ததில்லை. திரையில் 55 பேர் இருந்தால் வரைந்து முடிக்க சிப்புக்கு நேரம் ஆகும், பத்து பேர் இருந்தால் சீக்கிரம் முடியும், அதனால் வேகம் கூடிவிட்டது. நிஷிகாதோ பார்த்தார், நன்றாகத்தானே இருக்கிறது என்று விட்டுவிட்டார். மெஷினின் ஏழ்மை கேமின் சுவாரசியமாகிவிட்டது.

இந்தக் கட்டம்தான் பாரிஸ்காரரின் கண்ணில் பட்டது. கம்ப்யூட்டர் திரையில் ஒரு கட்டம் என்றால் பிக்ஸல். பாத்ரூம் சுவரில் ஒரு கட்டம் என்றால் டைல்ஸ். ரெண்டும் ஒன்றுதானே! தலையை உடைத்துக்கொண்டு யோசிக்க இதில் ஒன்றுமில்லை, யாருக்கும் தோன்றியிருக்கலாம். தோன்றியது அவருக்கு. ஹார்டுவேர் கடையில் கிடைக்கிற சின்னச் சின்ன சதுர டைல்ஸை வாங்கினார். ஏலியன் உருவத்தில் அடுக்கினார். தொண்ணூறுகளின் நடுவில் பாரிஸ் சுவர் ஒன்றில் முதல் ஏலியனை ஒட்டினார். முழுவீச்சில் படையெடுப்பு ஆரம்பித்தது 1998-ல்.

ஸ்பிரே பெயின்ட் அடித்தால் அடுத்த வாரம் ஒருவர் வந்து அதன்மேல் அடிப்பார், அல்லது நகராட்சி கழுவிவிடும். டைல்ஸ் அப்படி இல்லை. வெயிலில் வெளுக்காது, மழையில் கரையாது. ரோமானியர் காலத்து மொசைக் தரைகள் இன்றைக்கும் இருக்கின்றன என்றால் சும்மாவா? எட்டாத உயரத்தில், நல்ல சிமென்ட் பசையில் ஒட்டிவிட்டால் கிளப்புவது கஷ்டம். ஆசாமி பகலில் போய் இடம் பார்த்து வைப்பார். வீட்டிலேயே உருவத்தைத் தயார் செய்து, ராத்திரியில் ஏணியோடு போய் ஒட்டிவிட்டு, விடிவதற்குள் கிளம்பிவிடுவார். ஒட்டியதற்கெல்லாம் கணக்கு இருக்கிறது. ஊர்ப் பெயரின் சுருக்கம், வரிசை எண், போட்டோ. அரசாங்க ஆபீசில்கூட இவ்வளவு சுத்தமாக ரிஜிஸ்தர் எழுத மாட்டார்கள். பாரிஸில் மட்டும் 2011-ல் ஆயிரத்தைத் தொட்டார். 2024-ல் அதுவே 1500 ஆனது. உலகம் முழுக்கச் சேர்த்தால் 2021-லேயே 4000. அந்த நாலாயிரமாவது இருப்பது தென் அமெரிக்காவில், பொலிவியா நாட்டின் பொடோஸியில், கடல் மட்டத்திலிருந்து 4000 மீட்டருக்கு மேலே.

பிரான்ஸிலேயே மான்பெல்லியே என்று ஒரு ஊர். அங்கே அவர் ஒட்டிய இடங்களை வரைபடத்தில் புள்ளியாக வைத்துக் கோடு இழுத்தால், ஊர் அளவுக்குப் பெரிய ஒரு ஏலியன் வருகிறது. தெருவில் நடக்கிறவருக்கு அது தெரியவே தெரியாது. மேலே வானத்தில் இருந்து பார்க்கிற ஏலியனுக்காகச் செய்தாரோ என்னவோ.

இது அவருக்கு வெறும் ஓவியமும் இல்லை, விளையாட்டு. ஒவ்வொன்றுக்கும் பாயின்ட் உண்டு. சின்னதுக்கு 10, பெரிதாகவோ கஷ்டமான இடத்திலோ இருந்தால் 100 வரை. முதலில் அவர் மட்டும் ஆடிய ஆட்டம். 2014-ல் ஒரு மொபைல் ஆப் வந்தது. தெருவில் ஏலியனைப் பார்த்தால் போட்டோ எடுக்க வேண்டும், அசல்தான் என்று ஆப் ஒத்துக்கொண்டால் பாயின்ட் உங்கள் கணக்கில் ஏறும். அவ்வளவுதான். பரிசு கிடையாது, பணம் கிடையாது. ஆனால் அந்தப் பாயின்ட்டுக்காக லீவு போட்டு, டிக்கெட் எடுத்து, ஊர் ஊராகப் போகிறவர்கள் இருக்கிறார்கள். போன இடத்தில் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தபடியே நடக்கிறார்கள். கேம் ஆடினால் கண் கெடும், வெளியே போய் விளையாடு என்று திட்டிய அம்மாக்கள் இதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம்.

எங்கெல்லாம் ஒட்டியிருக்கிறார் என்று பட்டியல் போட ஆரம்பித்தால் இந்தக் கட்டுரை முடியாது. 1999 டிசம்பர் 31-ந் தேதி, உலகமே ஒய்டூகே பயத்தில் இருந்தபோது, அமெரிக்காவில் மலைமேல் நிற்கும் ஹாலிவுட் எழுத்துகளில் ஒன்றின்மேல் ஏறி ஒட்டினார். மெக்ஸிகோவில் கடலுக்கு அடியில் இருக்கிற சிற்பங்களில் ஒட்டினார். 2015-ல் விண்வெளி நிலையத்துக்குள்ளேயே ஒன்று மிதந்தது. இத்தாலிய விண்வெளி வீராங்கனை சமந்தா கிறிஸ்டோபொரெட்டி அதைக் கையில் வைத்துக் காட்டினார். விண்வெளியிலிருந்து வரும் ஏலியனை விண்வெளிக்கே திருப்பி அனுப்பிய குசும்பு.

இந்தியாவுக்கும் வந்திருக்கிறார். 2008-ல் வாரணாசி. அதே வருஷம் பக்கத்திலேயே காத்மாண்டு. மெட்ராஸ் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கற்பனை செய்வது சுலபம். பூந்தமல்லியில் புதிதாகக் கட்டுகிற மூன்று மாடி வீட்டு மூலையில் ராத்திரியோடு ராத்திரியாக ஒரு சிவப்பு ஏலியன். முழித்துப் பார்க்கும் ரெண்டு கண், கொம்பு, கோணல் கால். காலையில் மேஸ்திரி அண்ணாந்து பார்ப்பார். ஓனர் திருஷ்டி பொம்மை வைத்துவிட்டார் என்று நினைத்து வேலையைப் பார்க்கப் போய்விடுவார். ஓனர் வந்து பார்ப்பார். மேஸ்திரி வைத்திருக்கிறார் என்று நினைத்துச் சந்தோஷப்படுவார். பூசணிக்காய் செலவு மிச்சம். இருபது வருஷம் கழித்தும் அது அங்கேயே இருக்கும்.

மற்ற ஊர்களில் அப்படி இருக்க விடவில்லை. 2011-ல் லாஸ் ஏஞ்சலஸில் ஒரு பெரிய மியூசியம் தெருக் கலைக்கென்றே கண்காட்சி வைத்தது. அதில் இவருடைய வேலைகளும் இருந்தன. அந்த நேரத்தில் ஊருக்குள் ஒட்டப் போன இவரைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. மியூசியத்துக்குள் இருந்தால் கலை. வாசலைத் தாண்டினால் கேஸ்.

ஹாங்காங் கதை இன்னும் விசேஷம். 2014 தொடக்கத்தில் அங்கே பல இடங்களில் ஒட்டினார். நகர அதிகாரிகள் ஆளை அனுப்பிச் சுரண்டி எடுத்துவிட்டார்கள். பாதுகாப்பு, பராமரிப்பு என்று காரணம் சொன்னார்கள். ஊர் ஜனங்களில் ஒரு பகுதி கொதித்துப் போனது. அப்படி எடுக்கப்பட்டதில் ஒன்று பழைய கார்ட்டூன் நாய் உருவம். அதற்கு அவர் செய்த மறுபிரதி 2015-ல் அதே ஹாங்காங்கில் ஏலத்துக்கு வந்தது. சுமார் 20 லட்சம் ஹாங்காங் டாலருக்குப் போனது. சுவரில் சும்மா கிடைத்ததைக் குப்பை என்று உடைத்த ஊரிலேயே அதன் ஜெராக்ஸுக்கு இந்த விலை.

அந்த மறுபிரதி விஷயத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் வயிறு வளர்ப்பது அதில்தான். தெருவில் ஒட்டியது தெருவுக்கு, விற்பனைக்கு இல்லை. அதற்குப் பதிலாக ஒவ்வொன்றுக்கும் ஒரே ஒரு மறுபிரதி செய்து, அடையாள அட்டையோடு விற்கிறார். தெருவில் இருப்பதைப் பெயர்த்துக்கொண்டு போனவர் கையில் அட்டை இருக்காது. அசல் என்று அவர் சான்று கொடுக்கவும் மாட்டார். கணக்குப்படி பார்த்தால் திருடி லாபம் இல்லை.

கணக்கு திருடனுக்குப் புரிந்தால்தானே? 2017-ல் பாரிஸில் ரெண்டு பேர் நகராட்சி ஊழியர் மாதிரி சட்டை போட்டுக்கொண்டு, பட்டப்பகலில் ஏணி வைத்து, ஏலியன்களைக் கொத்திக் கொத்தி எடுத்தார்கள். கேட்டவர்களிடம் உத்தியோகப்பூர்வ வேலை என்றார்கள். வரிசையாக ஒரு டஜனுக்கும் மேல் காணாமல் போன பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. அதில் பாதி எடுக்கும்போதே தூளாகியிருக்கும். சுலபமாகக் கிளம்பக்கூடாது என்றே அழுத்தமாக ஒட்டியவை அல்லவா?

இப்போது யார் போய்ப் புகார் கொடுப்பது? யோசித்துப் பாருங்கள். ஒட்டியவர் போக முடியாது. போனால் அனுமதி இல்லாமல் ஒட்டியதற்கு அவர்மேல் முதலில் கேஸ் வரும், முகமூடியும் கழன்றுவிடும். சுவரின் சொந்தக்காரர் போகலாம், ஆனால் அது அவர் வாங்கி மாட்டியது இல்லை. ஊர் ஜனங்கள் எங்களுடையது என்று அழலாம், பட்டா இல்லை. கடைசியில் பாரிஸ் நகராட்சி புகார் கொடுத்தது. எதற்காகத் தெரியுமா? ஏலியனைத் திருடியதற்காக இல்லை. நகராட்சி ஊழியராக வேஷம் போட்டதற்காக! நாலாயிரம் உருவங்கள், உலகப் புகழ், லட்சக்கணக்கில் ஏலம். இத்தனையும் இருந்தும் சட்டத்தின் கண்ணில் அந்தச் சுவரில் பறிபோகக்கூடிய பொருள் ஒன்றுமே இல்லை. ஒரு சட்டையின் சின்னம்தான் பறிபோயிருக்கிறது.

சும்மா கொடுத்ததற்குப் பாதுகாப்பு கிடையாது என்றுதான் இதற்கு அர்த்தம். விலை இல்லாத வரைக்கும் அது பத்திரமாக இருந்தது. சுவரில் இருப்பது விற்காது என்று அவர் எவ்வளவு சொன்னாலும், ஏலத்தில் சுத்தி விழும் சத்தம் தெருவுக்குக் கேட்ட பிறகு உளியை யார் தடுப்பது? ஆக, ஏலத்துக்கு மறுபிரதியை அனுப்பியதில் அவருக்கும் பங்கு இருக்கிறது. இதை அவருடைய ரசிகர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

இன்னொன்றையும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அனுமதி இல்லாமல் அடுத்தவர் சுவரில் ஒட்டுவதைப் பாரிஸ்காரர் ஒருவர் செய்தால் கலை. அம்பத்தூர் எஸ்டேட் சுவரில் பாலிடெக்னிக் பையன் ஒருவன் ராத்திரி ஏணியோடு நின்றால் முதலில் அடி, பிறகுதான் விசாரணை. சுவர் எழுத்தையே தொழிலாகச் செய்தவர்கள் இந்தப் பக்கத்தில் எத்தனையோ பேர் இருந்தார்கள். கட்டம் போட்டு, சாக்பீஸ் கயிற்றால் கோடு தட்டி, ஆள் உயர எழுத்தை ஒரே மாதிரி எழுதுவார்கள். கீழே மூலையில் சின்னதாக இன்ன ஆர்ட்ஸ் என்று பெயர் போடுவார்கள். ஃபிளெக்ஸ் வந்தது, பலருக்குத் தொழில் போனது. 2009-ல் மாநகராட்சி அண்ணா சாலைச் சுவர்களில் போஸ்டரைத் தடுக்கப் படம் வரைய ஆரம்பித்தபோது சில கைகளுக்குக் கொஞ்ச நாள் வேலை கிடைத்தது. அனுமதியோடு வரைந்தது, சம்பளத்துக்கு வரைந்தது, பண்பாட்டுக்கு வரைந்தது. அதைப் பார்க்க யாரும் டிக்கெட் எடுத்துக்கொண்டு வரவில்லை. அவர்கள் பெயரும் யாருக்கும் தெரியாது. ஆனால் அவர்கள் முகமூடி போட்டு மறைத்த பெயர் இல்லை அது. யாரும் கேட்காததால் மறைந்துபோன பெயர்.

சரி, பாரிஸில் கொத்தி எடுத்த இடங்கள் என்ன ஆயின? இங்கேதான் கதை திரும்புகிறது. அந்தக் காலியிடங்களைப் பார்த்துப் பார்த்து மனசு கேட்காத ரசிகர்கள் சிலர் பழைய போட்டோவை எடுத்துப் பெரிதாக்கினார்கள். குறுக்கே எத்தனை, நெடுக்கே எத்தனை என்று டைல்ஸை எண்ணினார்கள். அதே அளவு, அதே நிறம் கடை கடையாகத் தேடி வாங்கினார்கள். அவரிடம் சம்மதம் வாங்கி, ராத்திரி ஏணியோடு போய் அதே இடத்தில் அதே உருவத்தை ஒட்டினார்கள். உயிர் கொடுத்தாயிற்று என்று ரிஜிஸ்தரில் ஏறியது. ஆப்பில் போட்டோ எடுத்தால் பாயின்ட்டும் வரும். ஒட்டியவர்கள் யாரென்று அதிலும் இல்லை. ஒருவர் ஒளிந்திருந்த வேலையில் இப்போது பல பேர் ஒளிந்திருக்கிறார்கள்.

இது எப்படிச் சாத்தியமாகிறது? கட்டம் என்பதால்தான். தூரிகையில் வரைந்த முகத்தை இன்னொருவர் வரைந்தால் அது இன்னொரு முகம். கட்டம் எண்ணி அடுக்கியதை யார் எண்ணி அடுக்கினாலும் அதேதான். நிஷிகாதோவின் சிப்புக்கு இடம் பற்றாமல் போனதால் வந்த வசதி இது.

இந்த வசதி மார்கழி மாசத்துக்குத் தெரியும். ஒரு அக்கா நோட்டில், "15 புள்ளி, 8 வரை, இடைப்புள்ளி" என்று எழுதி வைத்திருப்பார். அது போதும். திருமுல்லைவாயலில் எழுதியதைத் திருவேற்காட்டில் ஒருவர் பார்த்து வாசலில் அதே கோலத்தைப் போட்டுவிடலாம். படத்தை அனுப்ப வேண்டியதில்லை, எண்ணிக்கையை அனுப்பினால் போதும். கம்ப்யூட்டர்காரர்கள் இதைக் கவனிக்காமல் இல்லை. தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரிப் பேராசிரியர்கள் கிஃப்ட் சிரோமனி, ராணி சிரோமனி ஆகியோரும் கமலா கிருத்திவாசனும் சேர்ந்து கோலத்துக்கு இலக்கணம் எழுத முடியுமா என்று பார்த்து, 1974-ல் கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் ஆய்விதழ் ஒன்றில் கட்டுரை போட்டார்கள். ஸ்பேஸ் இன்வேடர்ஸ் வருவதற்கு நாலு வருஷம் முன்னால்! ஜப்பானில் கட்டத்துக்குள் நண்டு இறங்குவதற்கு முன்பே தாம்பரத்தில் வாசல் கோலம் கட்டத்துக்குள் இறங்கிவிட்டது.

கோலத்தை யாரும் பெயர்த்துக்கொண்டு போவதில்லை. தண்ணி லாரி அதன்மேல் ஏறிப் போகும். பால்காரர் சைக்கிள் போகும். சாயங்காலத்துக்குள் பாதி இருக்காது. மறுநாள் விடிவதற்கு முன்னால் அதே வாசலில் அதே புள்ளிகளை வைக்க ஒருவர் குனிந்திருப்பார். பாரிஸ் ரசிகர்கள் ஏணி வைத்து ஏறிச் செய்கிற வேலை, இங்கே குனிந்து நடக்கிறது. போடுகிறவருக்கு முகமூடி இல்லை. தெருவுக்கே அவரைத் தெரியும். ஆனாலும் கையெழுத்து கிடையாது, விலை கிடையாது, ரிஜிஸ்தரும் கிடையாது. ஒரு விஷயத்தில் மட்டும் பாரிஸ் ஏலியனுக்கு இதைவிட அதிர்ஷ்டம்: அது உயரத்தில் இருக்கிறது, மழை அதைக் கரைக்காது. அந்த அதிர்ஷ்டம்தான் உளியையும் கூட்டிக்கொண்டு வந்தது.

சி.டி.எச். ரோட்டுச் சுவர்களுக்கு அடுத்த தேர்தலுக்கு மறுபடி வெள்ளையடிப்பார்கள். அப்போது முடிந்தால் கொஞ்சம் நின்று பாருங்கள். வாளியில் சுண்ணாம்போடு வருகிறவர் நேரம் பார்க்காமல் வேலை செய்கிறவர். ஒரு பக்கத்திலிருந்து ஆரம்பித்து போஸ்டர், பழைய கட்சி எழுத்து, டியூஷன் சென்டர் போன் நம்பர் எல்லாவற்றின் மேலேயும் மட்டையை இழுத்துக்கொண்டே வருவார். பிள்ளையார் டைல்ஸ் வந்ததும் கை தானாக மெதுவாகும். மட்டையைத் திருப்பிப் பிடித்து, நாலு பக்கமும் விளிம்பை ஒட்டினாற்போல் அடித்து, கட்டத்தை விட்டுவிட்டு, அந்தப் பக்கம் போய் மறுபடி வேகம் எடுப்பார். மேலே ஒரு சொட்டு தெறித்திருந்தால் லுங்கி நுனியால் துடைத்துவிட்டும் போவார்.